கோடை முழுவதும் தூங்கலாமா?



மே மாதத்தில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும். "ராத்திரி பூரா தூக்கமே இல்லை சார்." "ஃபேனைப் போட்டா அனலாத்தான் அடிக்குது." "பீச் பக்கம் இருக்கிறவங்களுக்கு என்ன, மத்தியானமே காத்து வந்துடும்." "பகல்லே கண்ணைச் சொக்குது, ராத்திரி படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது." இந்தப் பேச்சின் முடிவில் யாராவது ஒருவர், "ஏப்ரல்ல படுத்து, ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு எழுந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று சொல்லிச் சிரிப்பார்.

இவற்றை வெறும் சலிப்பு என்று நாம் தள்ளிவிட வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு நல்ல இயற்பியல் கேள்வி. கோடை முழுவதும் தூங்க முடியுமா? முடியாது என்றால், ஓர் இரவாவது ஏன் நிம்மதியாகத் தூங்க முடிவதில்லை? வெயில் மறைந்து நான்கைந்து மணி நேரம் ஆன பிறகும் வீட்டுக்குள் அனல் எங்கிருந்து வருகிறது? இவற்றுக்கு விடை காண்போம்.

கோடையில் உறங்கும் உயிர்கள்

கோடை முழுவதும் தூங்குவது நடக்காத காரியம் அன்று. நம் ஊர் ஏரிகளிலேயே அது நடக்கிறது. அம்பத்தூர் ஏரியானாலும் கொரட்டூர் ஏரியானாலும், கோடையில் நீர் வற்றிய ஓரங்களில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய சேற்றுக்குள் உயிரியல் பாடத்தில் நீங்கள் படித்த பைலா என்னும் நன்னீர் நத்தை புதைந்து கிடக்கும். ஓட்டின் வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு, உடலின் ஈரம் வெளியேறாமல் காத்துக்கொள்ளும். பெரிய தவளைகளும் மண்ணைத் தோண்டி உள்ளே போய்விடும். முதல் பெருமழை பெய்த இரவில் திடீரென்று ஊரெங்கும் தவளைகள் கத்துவது அவை விழித்தெழுந்துவிட்டன என்பதற்கு அடையாளம். இந்த நிலையைக் கோடை உறக்கம் என்பர். ஆப்பிரிக்காவில் வாழும் நுரையீரல் மீன் இதில் இன்னும் கெட்டிக்காரன். குளம் வற்றும்போது சேற்றில் புதைந்து, தன் உடலிலிருந்து சுரக்கும் கோழையால் ஓர் உறை செய்துகொண்டு, மாதக்கணக்கில் உணவும் நீரும் இன்றிக் கிடக்கும்.

இவை மண்ணுக்குள் போவதில் ஓர் இயற்பியல் நுட்பம் இருக்கிறது. தரையின் மேற்பரப்பு பகலில் சுட்டு இரவில் குளிர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலைபோல மண்ணுக்குள் மெல்ல இறங்குகிறது. இறங்க இறங்கத் தேய்கிறது. ஒன்றரை அடி ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலையில் வேறுபாடு அநேகமாக இல்லை. இன்னொரு செய்தி. இந்த அலை மெதுவாகச் செல்வதால், ஓரடிக்குச் சற்று அதிகமான ஆழத்திற்கு நடுப்பகல் வெப்பம் நள்ளிரவில்தான் போய்ச் சேரும்! இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை முழுவதும் இதைச் சுற்றியே செல்லப் போகிறது.

நம்மால் ஏன் முடியாது?

தவளையும் நத்தையும் குளிர் இரத்தப் பிராணிகள். உணவு இல்லாதபோது அவை உடலின் இயக்கத்தைப் பெரிதும் குறைத்துக்கொள்ளும். மனிதனோ வெப்ப இரத்தப் பிராணி. தூங்கினாலும் விழித்தாலும் அவன் உடல் உட்பகுதியை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். தூங்கும்போது ஒரு மனிதன் வெளியிடும் வெப்பம் சுமார் 80 வாட். படுத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு பெரிய குண்டு பல்பைப்போல வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். 60 நாள் தூங்குவதாக வைத்துக்கொண்டால், 80 வாட் வீதம் மொத்தம் சுமார் 41.5 கோடி ஜூல் ஆற்றல் தேவை. ஒரு கிலோ கொழுப்பு தரும் ஆற்றல் ஏறக்குறைய 3.8 கோடி ஜூல். ஆகவே சுமார் 11 கிலோ கொழுப்பை எரித்தாக வேண்டும். கொழுப்போடு பிரச்சினை முடியவில்லை. இந்த வெப்பம் முழுவதையும் வியர்வையாகவே வெளியேற்ற வேண்டுமானால், ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும் என்ற கணக்கில், மணிக்கு 120 மில்லி லிட்டர் நீர் செலவாகும். 60 நாளைக்கு 170 லிட்டருக்கு மேல்! 45 கிலோ எடையுள்ள ஒரு மாணவன் இவ்வளவு நீரை எங்கே சேமித்து வைத்துக்கொண்டு படுப்பான்?

பாலூட்டிகளில் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மடகாஸ்கர் தீவில் கொழுத்த வால் குள்ள லெமூர் என்று ஒரு சிறு பிராணி உண்டு. வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, வறண்ட பருவத்தில் ஏறத்தாழ ஏழு மாதங்கள் மரப்பொந்துக்குள் உறங்கும். அப்போது அதன் உடல் வெப்பநிலை பொந்தின் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று 2004-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். அந்தத் திறன் நமக்கு இல்லை. ஆகவே கோடை உறக்க ஆசையை விட்டுவிட்டு, ஓர் இரவுத் தூக்கத்தைப் பற்றிப் பார்ப்போம்.

தாமதமாக வரும் வெப்பம்

ஏப்ரல் 24-ஆம் நாளை ஒட்டிச் சென்னையில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த கம்புக்கு அன்று நிழலே விழுவதில்லை. அதனால் அதனை நிழலில்லா நாள் என்பர். ஆகஸ்ட் 18-ஆம் நாளை ஒட்டி மீண்டும் ஒருமுறை இவ்வாறு நிகழும். ஆனால் உச்ச வெப்பம் ஏப்ரல் 24-இல் வருவதில்லை. நம் பஞ்சாங்கங்கள் கத்திரி வெயில் என்று குறிப்பது மே மாதத் தொடக்கம் முதல் மாதக் கடைசி வரை உள்ள நாள்களை. சென்னையில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 45 டிகிரி செல்சியஸ் 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் பதிவாயிற்று. நிழல் மறைந்த நாளுக்கு ஐந்து வாரத்திற்குப் பின்!

ஒரு நாளிலும் இதே கதைதான். சூரியன் உச்சியில் நிற்பது 12 மணியளவில். ஆனால் கடற்காற்று குறுக்கிடாத இடங்களில் அதிக வெப்பம் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான்.

காரணம் எளியது. ஒரு தொட்டியில் குழாய் நீர் விழுகிறது. அடியில் ஓர் ஓட்டை வழியே நீர் ஒழுகுகிறது. குழாயை மெல்ல மூடத் தொடங்கிய பிறகும், விழுகிற நீர் ஒழுகுகிற நீரைவிட அதிகமாக இருக்கும்வரை தொட்டியின் மட்டம் உயர்ந்துகொண்டேதான் இருக்கும். வெப்பமும் இப்படியே. வரவு செலவைவிட அதிகமாக இருக்கும்வரை இருப்பு ஏறும். பூமிக்கு இந்தத் தாமதம் சில வாரங்கள். காற்றுக்கு இரண்டு மூன்று மணி. உங்கள் வீட்டுக் கான்கிரீட் தளத்திற்கு எவ்வளவு?

தளத்தின் கணக்கு

வீட்டுத் தளத்தின் கனம் சுமார் 12 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கான்கிரீட்டில் வெப்பம் செல்லும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், மேற்பரப்பின் உச்ச வெப்பம் அடிப்பரப்பை அடைய மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். பிற்பகல் 1 அல்லது 2 மணிக்கு மொட்டை மாடித் தரை மிகுதியாகச் சுடுகிறது. 60 டிகிரி செல்சியஸ் வரைகூட ஏறக்கூடும். அந்தச் சூடு வீட்டுக்குள் உத்தரத்துக்கு வருவது மாலை 5 மணியளவில். சூரியன் மேற்கே சாயும் நேரத்தில் உங்கள் அறையின் கூரைக்கு உச்சிப்பொழுது!

வந்த வெப்பம் உடனே போய்விடுமா? அதையும் கணக்கிடுவோம். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறிய அறை. அதன் மேல் உள்ள தளத்தின் கன அளவு 1.08 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. ஆகத் தளத்தின் எடை ஏறத்தாழ 2,600 கிலோ. ஒரு கிலோ கான்கிரீட் ஒரு டிகிரி குளிர்வதற்குச் சுமார் 880 ஜூல் வெப்பத்தை வெளியிட வேண்டும். தளம் முழுவதும் 10 டிகிரி குளிர வேண்டுமானால்,

2,600 x 880 x 10 = சுமார் 2 கோடியே 29 லட்சம் ஜூல்.

இது எவ்வளவு என்று புரிய வேண்டுமா? 1,000 வாட் மின் அடுப்பு ஒன்றை 6 மணி 20 நிமிடம் தொடர்ந்து எரித்தால் கிடைக்கும் வெப்பம் இது. இதில் ஒரு பகுதி மேலே வானத்தை நோக்கிப் போய்விடும் என்பது உண்மை. மீதி கீழே, உங்கள் பாயின் மேல்தான் இறங்குகிறது. தலைக்கு மேல் மின் அடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு படுப்பவனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

மின்விசிறி அனலாக அடிப்பதற்கும் காரணம் இதுவே. சூடான காற்று இலேசானது. மேலே போய் உத்தரத்தை ஒட்டி நிற்கும். விசிறி அந்தக் காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. அதனுடன், உத்தரம் கதிர்வீசல் மூலமும் நேராக உடலைச் சுடுகிறது. கதிர்வீசலை விசிறி தடுக்காது.

ஓலைக் குடிசையில் இரவில் ஏன் இதமாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும். ஓலைக்கு எடை குறைவு; சேமித்து வைக்கும் வெப்பமும் குறைவு. இடையிடையே உள்ள காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. தகரக் கூரைக்கும் கல்நார்த் தகட்டுக் கூரைக்கும் தாமதமே இல்லை. நண்பகலில் அடுப்பாகிவிடும், ஆனால் இரவில் விரைவில் ஆறிவிடும். கான்கிரீட் தளம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. வெப்பத்தை உள்ளே விடும் அளவுக்கு அது மெல்லியது. அதைப் படுக்கும் நேரம்வரை பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கனமானது.

கடற்காற்று மேற்கே வரும்போது

இனி "பீச் பக்கம்" குடியிருப்போரைப் பற்றிய புகாருக்கு வருவோம். அதில் நியாயம் இருக்கிறது. நிலம் விரைவில் சூடாகிறது. கடல் நீர் மெதுவாகச் சூடாகிறது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4,200 ஜூல் வேண்டும். உலர்ந்த மண்ணுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அத்துடன் நீர் அசைந்து கலப்பதால் வெப்பம் ஆழத்திற்கும் பரவிவிடுகிறது. ஆகவே பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழ, கடலின் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நோக்கி வீசுகிறது. இதுவே கடற்காற்று.

கடற்கரையிலிருந்து அம்பத்தூர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஆவடியும் பூவிருந்தவல்லியும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கடற்காற்றின் முனை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறுவதாக வைத்துக்கொண்டால், மெரினாவில் பகல் 1 மணிக்கு வீசிய காற்று அம்பத்தூருக்கு 2.30 மணிக்கும் ஆவடிக்கு 3 மணிக்கும்தான் வரும். அதற்குள் மொட்டை மாடித் தளம் அன்றைய வெப்பத்தைப் பெரும்பாலும் குடித்து முடித்திருக்கும். மே மாதக் கடைசியில் நிலத்தின் மேலிருந்து மேல்காற்று பலமாக வீசும் நாள்களில் கடற்காற்று கரையிலேயே தடைபட்டு நிற்கும். சில நாள்களில் மேற்கே வந்து சேராமலும் போகும். சென்னையில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் இத்தகைய நாள்களில்தான்.

வந்து சேரும் கடற்காற்றும் சும்மா வருவதில்லை. வெப்பத்தைக் குறைக்கும், ஈரத்தைக் கூட்டும். புழுக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

மண்பானை சொல்லும் செய்தி

வேலூரில் வெயில் அதிகம். ஆனாலும் அங்கே மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். சென்னையில் புழுக்கம் மிகுந்த நாளில் அதே பானையில் அதே தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது தன் உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாவது குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது.

நம் உடலும் ஒரு மண்பானைதான். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. அறையின் காற்றும் கூரையும் அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், அந்த 80 வாட் வெப்பம் வெளியேற வியர்வை ஒன்றே வழி. உடலில் வழிந்து ஓடும் வியர்வையால் பயன் இல்லை. ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். விசிறி செய்யும் பெரிய உதவி, உடலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விலக்கி வியர்வையை ஆவியாக்குவதே.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்போம். அது 35 டிகிரியை எட்டினால், நிழலில், விசிறியின் கீழே, வேண்டிய தண்ணீருடன் இருப்பவர்கூட வெப்பத்தை வெளியேற்ற முடியாது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் உழைப்பாளிகளுக்கும் அதற்குப் பல டிகிரி கீழேயே ஆபத்து தொடங்கிவிடும்.

பகலில் சொக்கும் கண், இரவில் மூடாத கண்

மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. பிற்பகலில், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், அது விழிப்பைச் சற்றே தளர்த்துகிறது. வெயில் நாளில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்தம் தோலை நோக்கி அதிகமாக ஓடுகிறது, நீரும் குறைகிறது. அதனால் அசதியும் சேர்ந்துகொள்கிறது. முந்தைய இரவின் தூக்கக் கடனும் உடன் வந்து நிற்கிறது. கண் சொக்காமல் என்ன செய்யும்?

இரவில் தூக்கம் வருவதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். உடலின் உள் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்க வேண்டும். இதற்காகவே மாலைக்குப் பின் கை, கால்களின் தோல் வழியே உடல் வெப்பத்தை வெளியேற்றத் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்துக் கான்கிரீட் தளமும் தன் வெப்பத்தை அறைக்குள் வெளியேற்றுகிறது. உடல் குளிர முயல்கிறது, கூரை விடுவதில்லை. பின்னிரவில் தளம் ஓரளவு ஆறியதும் கண் அயர்கிறது. சிறிது நேரத்தில் விடிந்துவிடுகிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் தொழிற்சாலைகளிலும் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் படுப்பவர்களின் நிலை இதைவிடக் கடினம். அவர்கள் தூங்க முயலும் நேரமே தளம் சூடேறும் நேரம்.

இது தூக்கம் கெட்டது என்ற அளவில் நிற்கும் செய்தி அன்று. 2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டை வெப்ப அலை தாக்கியது. இரவிலும் வெப்பம் தணியவில்லை. சுமார் 15,000 பேர் இறந்தனர், பெரும்பாலோர் முதியோர். கூரைக்கு நேர் கீழே படுக்கை அறை இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டில் 2010 மே மாத வெப்ப அலையின்போது அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமான இறப்புகள் நேர்ந்தன. அதன் விளைவாக 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பகலெல்லாம் சூடேறிய உடல் இரவில் ஆறினால்தான் மறுநாள் வெயிலைத் தாங்கும். இரவு ஓய்வு தவறினால் சுமை நாளுக்கு நாள் ஏறும். ஆகவே மாடி வீட்டில், மேல்தளத்தில் படுத்திருக்கும் பாட்டியும் தாத்தாவும் "தூக்கமே இல்லைப்பா" என்று சொன்னால் அதைச் சலிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

என்ன செய்யலாம்?

நோயின் காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். வெப்பம் தளத்தில் சேராமல் தடுப்பது முதல் வழி. மே மாதத்தில் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு நாளில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 6 யூனிட். மின் கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். நம் 9 சதுர மீட்டர் தளத்திற்கு நாள் ஒன்றுக்கு 54 யூனிட். வெறும் கான்கிரீட் இதில் 70 சதவீதத்தை, அதாவது 38 யூனிட்டை, உறிஞ்சுகிறது என்று கொள்வோம். புதிதாக வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த தளம் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால், உறிஞ்சுவது 16 யூனிட் மட்டுமே. செலவு குறைந்த, பலன் நிறைந்த மருத்துவம் இது. மழையில் கரையும், தூசி படிந்தால் மங்கும். எனவே ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில் ஒருமுறை அடித்துவிடுவது நல்லது. தளத்தின் மேல் பந்தல் அல்லது கீற்றுக் கொட்டகை போட்டாலும் வெயில் தளத்தைத் தொடாது. செடித் தொட்டிகளின் நிழலும் உதவும்.

சேர்ந்த வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது இரண்டாம் வழி. மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதற்கும் கணக்குப் பாருங்கள். தளம் 10 டிகிரி குளிர வெளியேற வேண்டியது 2 கோடியே 29 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 24 லட்சம் ஜூலை எடுத்துச் செல்லும். வகுத்துப் பார்த்தால் விடை சுமார் 9.5 லிட்டர், ஒரே ஒரு வாளித் தண்ணீர்! ஆனால் அந்த வாளி முழுவதும் தளத்தின் மேலேயே ஆவியாக வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் பெரும்பகுதி வீணாகக் கீழே ஓடிவிடும். பழைய கோணிகளைப் பரப்பி, தளம் நன்றாகச் சுடும் மாலை நேரத்தில், சிறிது சிறிதாகத் தெளித்து நனைப்பதே சரியான முறை. துணி அலசிய நீரே இதற்குப் போதும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை முழுவதும் குடிநீருக்குத் தவித்ததை நாம் மறக்கலாகாது.

மூன்றாவது, சன்னல்களைக் கடிகாரம் பார்த்துத் திறப்பது. வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாக இருக்கும் நண்பகலில் வெயில் படும் பக்கத்துச் சன்னல்களை மூடித் திரையிடுங்கள். கடற்காற்று வந்து, வெளியே குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். படுக்கும் முன் கை, கால்களை நனைத்துக்கொண்டு விசிறியின் கீழ் படுப்பதும், ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்வதும் வியர்வையின் வேலையைச் செய்யும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துங்கள்.

ஒரு முக்கியமான செய்தி. வெயிலில் இருந்தவரோ, வெப்பமான அறையில் இருந்தவரோ உடல் கொதிக்க, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்ப வாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

செய்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் இரண்டு சாதாரண வெப்பமானிகள் போதும். பெரியவர் ஒருவர் துணையுடன், ஒன்றின் குமிழை மொட்டை மாடித் தரையோடு சேர்த்து வைத்து, மேலே சிறிது பஞ்சு போட்டு ஒட்டிவிடுங்கள். மற்றொன்றை அதே இடத்திற்குக் கீழே அறையின் உத்தரத்தில் அதே முறையில் ஒட்டுங்கள். காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை மணிக்கு ஒருமுறை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நேரத்தில் மாடிக்குச் செருப்பும் தொப்பியும் இல்லாமல் போகாதீர்கள். அளவைப் பார்த்தவுடன் இறங்கிவிடுங்கள்.

வரைபடத் தாளில் இரண்டு கோடுகளையும் வரையுங்கள். முதல் கோட்டின் உச்சிக்கும் இரண்டாம் கோட்டின் உச்சிக்கும் இடையே எத்தனை மணி நேரம்? அதுதான் உங்கள் வீட்டுத் தளத்தின் தாமதம். தட்டோடு பதித்த தளத்தில் இது கூடுகிறதா? பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் எவ்வளவு? பிறகு ஒரு பகுதியில் மட்டும் சுண்ணாம்பு அடித்து, சில நாள் கழித்து அதற்குக் கீழே மீண்டும் அளந்து பாருங்கள். உச்சியின் நேரம் மாறுகிறதா, உயரம் மாறுகிறதா, இரண்டும் மாறுகின்றனவா? ஏன் என்று உங்கள் இயற்பியல் ஆசிரியருடன் விவாதியுங்கள். வரைபடத்தை வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்டுங்கள். அடுத்த பங்குனியில் சுண்ணாம்புக்குப் பணம் கேட்க அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.